சீவலாங்குறிச்சியில் ஒரு நிமிட மௌனம்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என்னோடு அறையில் இருந்த ரெஜினா சொன்னாள். அவளுக்கு அவள் அக்கா மாப்பிள்ளை சொன்னாராம். அவர் அந்தப் பக்கம் கேபிள் டி.வி. இழுக்கிறவர். ரெஜினாவுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. கூட்டியது என்று எனக்குத் தோன்றிய இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் இவ்வளவு மிஞ்சியதற்கு நான் பொறுப்பில்லை.

சீவலாங்குறிச்சியில் இசக்கிராஜ், பெருமாள், மாரிச்செல்வி என்று மூன்று பேர் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தார்கள். மூவருமே சொன்ன சொல் தட்டாதவர்கள். இடது பக்கம் போ என்றால் சுவர் வந்தாலும் இடது பக்கமே போகிறவர்கள். கல்லூரிகள் மூடிக்கிடந்த நாட்களில் அவர்களுக்குப் பாடமெல்லாம் போனில்தான் நடந்தது. ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாட்டர் டேங்கின் உச்சிப்படி.

முதல் நாள் ஷெரின் மிஸ் நாகர்கோவிலில் தன் வீட்டிலிருந்து சொன்னார்: "வகுப்பறையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு உட்காருங்கள்."

மறுநாள் மூவரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒன்றைக் கயிறு கட்டி டேங்கின் மேல் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பெருமாள் தாமதமாக வந்தான். உள்ளே வரச் சொல்லி மிஸ் உத்தரவு தரவில்லை என்பதால் இரண்டு படி கீழேயே வகுப்பு முடிகிற வரைக்கும் வெயிலில் நின்றான். மிஸ்ஸுக்கு அவன் நிற்பது தெரியாது. கேமராவில் பெஞ்சு மட்டும்தான் தெரிந்தது.

மூவரில் இசக்கிராஜுக்குத்தான் கவலை அதிகம். ஒலிப் பாடத்தில் அவன் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தான். இந்தத் தடவை ஒரு குறும்படம் செய்து, அதற்கான சத்தங்களையும் தானே செய்து அனுப்ப வேண்டும். தேறிவிட்டால் திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தோற்றால் சின்னத்துரை சித்தப்பாவின் ஐஸ் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து மோர் எடுத்தாலே ஒன்பது தும்மல் போடுகிறவன் இசக்கிராஜ். ஐஸ் கம்பெனி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவன் மூக்கு சிவந்துவிடும்.

கதை தயாராக இருந்தது. வெளியே மழை பெய்கிறது. வீட்டுக்குள் அம்மா மகனுக்கு அப்பளம் பொரித்துப் போடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் ஒரு நிமிடம் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். மழை கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். செலவில்லாத கதை. இசக்கிராஜின் அம்மாவையே அம்மாவாகப் போட்டுக் காட்சிகளை எடுத்தும் முடித்துவிட்டார்கள். சத்தம் மட்டும்தான் பாக்கி.

அதற்கு ஷெரின் மிஸ் ஒரு வகுப்பு முழுக்க வழி சொன்னார்.

"திரையில் கேட்கிற சத்தம் எதுவும் அந்தப் பொருளின் சத்தமே இல்லை. குதிரை நடக்கச் சிரட்டை. எலும்பு முறிய முருங்கைக்காய். மழைக்கு அப்பளம் பொரித்தால் போதும். எந்தப் பொருளின் சத்தத்தையும் அந்தப் பொருளிடமே போய்க் கேட்காதீர்கள். புரிந்ததா?"

புரிந்தது என்று மூவரும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சொன்னார்கள்.

அன்றைக்கே இசக்கிராஜின் வீட்டு அடுப்பில் சட்டி ஏறியது. ஒரு கட்டு அப்பளம் பொரித்ததில் அருமையான மழை கிடைத்தது. மாரிச்செல்வி அதைப் போனில் போட்டுக் கேட்டுவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டாள்.

"மழை முடிஞ்சுது. இனி அப்பளம்," என்றாள்.

இசக்கிராஜின் அம்மா இன்னொரு அப்பளத்தை எடுத்து எண்ணெயில் விடப் போனாள். பெருமாள் கையை நீட்டித் தடுத்தான்.

"பெரியம்மா, அதைப் போடாதிய. அது மழை."

"அப்பளம்லாடே இது."

"நேத்து வரைக்கும் அப்பளம். மிஸ் சொன்னதுக்குப் பொறவு மழை."

"அப்போ அப்பளச் சத்தத்துக்கு என்னல செய்ய?" என்று கேட்டான் இசக்கிராஜ்.

மூவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். பொரித்த மழையை எடுத்து ஆளுக்கொன்றாகக் கடித்துக்கொண்டே யோசித்தார்கள்.

"அப்பளத்தைப் பொரிச்சா மழை கேக்கு," என்று ஆரம்பித்தான் பெருமாள். "ரெண்டு சத்தமும் ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு. ஆனா அப்பளத்துக்கிட்ட அப்பளச் சத்தத்தைக் கேக்கக்கூடாது. அப்போ அப்பளம் கேக்கணும்னா?"

"மழை பெய்யணும்," என்றான் இசக்கிராஜ். அது பங்குனி மாதம். சீவலாங்குறிச்சியில் மழை பெய்வதையே ஊர் மறந்துபோயிருந்தது.

"சட்டியில எண்ணெய் காயுது. ஒரே ஒரு அப்பளம் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அம்மா.

"ஏமாத்திப் பாஸ் பண்ணச் சொல்லுதியாம்மா?" என்று கேட்டான் இசக்கிராஜ். அம்மா வெட்கப்பட்டு அடுப்பை அணைத்தாள்.

இரண்டு நாள் வானத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பெருமாளுக்கு யோசனை வந்தது. டேங்குக்கு மோட்டார் போடுகிறவர் அவனுடைய அப்பாதான். அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் இவன் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் இருந்தான். டேங்க் நிறைந்து, வழிந்து, பக்கத்தில் இருந்த ரேஷன் கடையின் தகரக் கூரைமேல் கொட்டியது. கடைக்குள் உட்கார்ந்து மாரிச்செல்வி பதிவு செய்தாள்.

"எப்படி வந்திருக்கு?" என்று கவலையோடு கேட்டான் இசக்கிராஜ்.

அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லா முறுகலா வந்திருக்கு."

மோட்டார் புகைந்து நின்றது. டேங்கில் நின்ற தண்ணீரும் மறுநாள் தீர்ந்து, ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடங்களோடு டேங்கடியில் கூடிவிட்டார்கள்.

"எய்யா பெருமாளு, தண்ணி எங்க போச்சு?"

"அப்பளத்துக்குப் போயிட்டு அத்தை," என்றான் பெருமாள். உள்ளதைச் சொன்னதற்காக அவன்மேல் இரண்டு குடங்கள் வந்து விழுந்தன. குடம் விழுகிற சத்தம் படத்துக்குத் தேவைப்படாததால் அவன் அதைப் பதிவு செய்யவில்லை.

இனி மௌனம்தான் பாக்கி. அதைப் பற்றியும் மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"சத்தத்தை எதை வைத்தும் செய்துவிடலாம். மௌனத்தைச் செய்ய முடியாது. அது உண்மையாகவே இருக்க வேண்டும். இருக்கிற இடத்தில் போய்ப் பிடித்து வாருங்கள். தரையில் படுத்து, போனை நெஞ்சில் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, ஆடாமல் அசையாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். குறுக்கே ஏதாவது சத்தம் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து."

படத்தை அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் நேரம். ஊரோ தண்ணீர்ச் சண்டையில் கொதித்துக்கொண்டிருந்தது.

"நம்மூர்ல மௌனம் இருப்பு இல்ல," என்றான் பெருமாள். "பக்கத்து ஊர்ல கொஞ்சம் எடுத்துட்டு வந்துரலாமா?"

"அது அவிய வீட்டு மௌனம். நம்ம வீட்டுக் காட்சிக்கு ஒட்டாது," என்றாள் மாரிச்செல்வி. "நான் பஞ்சாயத்து மைக்குல சொல்லிருதேன். கேட்டா ஊரு தராமலா போவும்?"

அவள் போய் மைக்கைப் பிடித்தாள். அறிவிப்பைச் சுருக்கமாகத்தான் சொன்னாள்: "சீவலாங்குறிச்சிப் பொதுமக்களுக்கு அன்பான வேண்டுகோள். நமது இசக்கிராஜுக்காக ஊர் மக்கள் அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அந்த ஊரில் யாருக்காகவாவது ஒரு நிமிடம் மௌனம் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அது முந்தைய பஞ்சாயத்துத் தலைவர் இறந்தபோது.

டேங்கடியில் சண்டை சட்டென்று நின்றது. குடங்களைப் போட்டுவிட்டு எல்லாரும் இசக்கிராஜ் வீட்டுக்கு ஓடினார்கள். வாசலில் பெருமாள் காவல் நின்றான். என்ன நடந்தது என்று அவனைக் கேட்டார்கள். உள்ளே பதிவு நடக்கிறபோது பேசக்கூடாதே. அவன் உதட்டில் விரலை வைத்து, தலையைக் குனிந்து, உள்ளே கையைக் காட்டினான்.

உள்ளே இசக்கிராஜ் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை வேட்டி.

முதல் ஒப்பாரி எழுந்ததும் அவன் வேட்டிக்குள்ளேயே போனை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டாவது ஒப்பாரிக்கும் அப்படியே. "என் ராசா, உனக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடுக்க முடியாமப் போச்சே, அதையும் அந்தப் பாவி அப்பளத்துக்கு விட்டுட்டானே" என்று எதிர்வீட்டு அத்தை அழுதபோது அவனுக்கே கண் கலங்கியது. ஆனால் அசையவில்லை. ஐந்து மணிக்குள் ஒரு நிமிடம் கிடைக்காவிட்டால் ஐஸ் கம்பெனி.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"காலையில ஆறு இட்லி தின்னான்," என்றாள் திகைப்போடு.

"தின்னுட்டுத்தான் எல்லாரும் போறாவ," என்றார் ஒருவர்.

அம்மா மகன் காதருகே குனிந்தாள். "எய்யா இசக்கி, நீ செத்தா போயிட்ட?"

இசக்கிராஜுக்கு வாயைத் திறக்க வழியில்லை. பொறு, ஒரு நிமிடம் என்பதற்கு வேட்டிக்கு வெளியே ஒரு விரலை மட்டும் நீட்டினான்.

கூட்டம் அதைப் பார்த்தது. விவரம் தெரிந்த ஒருவர் விளக்கினார்: "இன்னும் ஒரு நிமிசம் உசிரு இருக்குன்னு சொல்லுதான். கெட்டிக்காரப் பிள்ளை."

ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் வீணாயிற்று.

அதற்குள் சின்னத்துரை சித்தப்பாவுக்குத் தகவல் போய்விட்டது. அவர் ஐஸ் கம்பெனியோடு கூட, துக்க வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் தொழிலும் செய்தார். குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெயிலானாத்தான் ஐஸுக்கு வாரேன்னு சொன்னான். பாவி, ரிசல்ட்டு வர முந்தியே வந்துட்டானே."

நாலு பேர் தூக்கி இசக்கிராஜைப் பெட்டிக்குள் வைத்தார்கள். எழுந்து சொல்லிவிடலாமா என்று அவன் நினைத்தான். அப்போது கண்ணாடி மூடியை இறக்கினார்கள்.

சத்தமெல்லாம் அறுந்தது.

ஊரின் ஒப்பாரி, கூட்டத்தின் பேச்சு, சித்தப்பாவின் மூக்குச்சிந்தல், எதுவும் இல்லை. சீவலாங்குறிச்சியில் இப்படி ஒரு இடம் இருப்பதே அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது. சித்தப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று உருகினான். நெஞ்சில் இருந்த போனை மெதுவாக அழுத்தினான். நொடிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பாதி நிமிடம் தாண்டியது. முக்கால் நிமிடம் ஆனது. முதுகிலிருந்து குளிர் ஏறிக் கழுத்துக்கு வந்தது. கழுத்திலிருந்து மூக்குக்கு வந்தது.

தும்மிவிட்டான்.

கண்ணாடி மூடி ஒருதரம் எகிறி உட்கார்ந்தது. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"செத்தவன் தும்முதான்."

"ஐஸ் பெட்டியில படுத்தா யாருக்கும் சளி பிடிக்கத்தான் செய்யும்," என்றார் சித்தப்பா, தொழில் தெரிந்தவராக. அம்மா சுக்குக் கசாயம் வைக்க உள்ளே போனாள்.

இசக்கிராஜ் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். எல்லாம் போச்சே என்று தேம்பினான்.

"நீ ஏம்டே அழுத? நாங்கள்லா அழணும்," என்று எதிர்வீட்டு அத்தை கோபித்துக்கொண்டாள்.

நேரம் நாலரை தாண்டியிருந்தது. மூவரும் டேங்கின் மேல் ஏறினார்கள். இசக்கிராஜ் மிஸ்ஸுக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு நாள் தவணை கேட்டான்.

"படம் எடுத்தாயிற்று என்றாயே. என்ன குறைகிறது?" என்றார் மிஸ்.

அவன் ஒளிக்கவில்லை. மழைக்கு அப்பளம் பொரித்தது, அப்பளத்துக்கு ஊர்த் தண்ணீரை மழையாக விட்டது, மௌனத்துக்காக ஊர் அழுதது, ஐஸ் பெட்டியில் முக்கால் நிமிடம் கிடைத்து, கடைசியில் தும்மலால் கெட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான்.

மறுமுனையில் பேச்சு இல்லை.

"மிஸ்?" என்று கேட்கப் போன இசக்கிராஜின் வாயைப் பெருமாள் பொத்தினான். கூடவே மூக்கையும் பொத்தினான். மாரிச்செல்வி தன் போனை எடுத்து, ஸ்பீக்கருக்கு அருகே பிடித்து, பதிவைத் தொடங்கினாள். மூவரும் மூச்சு விடவில்லை. டேங்கில் தண்ணீரும் இல்லாததால் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. ஒரு முழு நிமிடம் அப்படியே போயிற்று.

பிறகு மிஸ் மெதுவாகச் சொன்னார்: "இருப்பதை அனுப்பப்பா."

அனுப்பினார்கள். இசக்கிராஜ் தேறினான். திருநெல்வேலி ஸ்டூடியோவில் இப்போது கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்க்கிறான். கெட்டிமேளத்துக்கு எதைத் தட்டுகிறான் என்று ரெஜினா சொன்னதை நான் எடுத்துவிட்டேன்.

ஆனால் கேட்ட கதையை அப்படியே எழுத எனக்குப் பயம். அதனால் ஷெரின் மிஸ்ஸின் எண்ணை வாங்கி நானே கூப்பிட்டேன். அவருக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. மற்ற சத்தங்கள் சுமார்தான், அந்தக் கடைசி மௌனத்துக்காகவே மதிப்பெண் போட்டேன், அவ்வளவு ஆழமான மௌனத்தை எந்த மாணவரும் கொண்டுவந்ததில்லை, அதை எங்கே பிடித்தார்கள் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை என்றார்.

தெரிந்ததை மறைக்க எனக்கு வராது. சொல்லிவிட்டேன்.

என் போனில் அழைப்புகள் தானாகப் பதிவாகும். பிற்பாடு படத்தையும் வாங்கி, அதையும் நான் சொன்ன பிறகு மறுமுனையில் பதிவானதையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்டுச் சரிபார்த்தேன். அதே மௌனம்தான்.