கம்பியில் உட்கார்ந்த கரிச்சான்

ஒரு காட்டில் மரங்களை வெட்டி வழி உண்டாக்கி, மனிதர்கள் மின்கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் ஒரு கரிச்சான் குருவி பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும். பயம் அறியாத குருவி அது. பருந்தையே துரத்திக் கொத்தும். தன் தைரியத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதற்கு உண்டு.

பக்கத்து வாகை மரத்தில் ஒரு மந்தி தன் குட்டியோடு வாழ்ந்தது. எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கும் மந்தி. கம்பி எப்போதும் உறுமிக்கொண்டே இருந்ததால், அந்தப் பக்கமாக நீண்ட கிளைக்கே அது போகாது. ஆனாலும் கரிச்சானும் அதுவும் உயிர்ச் சிநேகிதர்கள்.

அந்தக் கோடையில் தின்ன எதுவும் கிடைக்கவில்லை. மந்திக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி அழுதபடியே இருந்தது. கம்பி போகும் திசையில், சற்றுத் தொலைவில் நாவல் மரங்கள் பழுத்திருந்தன. ஆனால் தரையில் செந்நாய்கள் திரிந்தன.

கம்பி வழியாகப் போகலாமா என்று மந்தி கரிச்சானைக் கேட்டது. "அது ஏன் உறுமுகிறது?" என்றும் கேட்டது.

கரிச்சானுக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் வரவில்லை.

"பறக்கக் கற்ற நாளிலிருந்து இதில்தான் உட்காருகிறேன். என்னை என்ன செய்துவிட்டது? நீ என்னைவிட எவ்வளவு பெரியவள்!" என்றது.

மந்தி குட்டியைக் கிளைக் கவட்டில் உட்கார வைத்தது. முதலில் தான் மட்டும் தொட்டுப் பார்ப்பதாகச் சொன்னது. காலையில் பெய்த தூறலில் மரம் நனைந்திருந்தது. வழுக்கிவிடாமல் இருக்க ஒரு கையால் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கம்பிக்கு நீட்டியது.

பளீரென்று ஒரு வெளிச்சம். மந்தி கீழே விழுந்தது. பிறகு எழவில்லை.

மரத்தடியில் குடியிருந்த ஓணான் பொறுமைசாலி. எதையும் கவனித்துக்கொண்டே இருக்கும். கரிச்சான் அதனிடம் இறங்கி வந்தது.

"நானும் அதே கம்பியைத்தானே தொடுகிறேன்?"

"நீ கம்பியை மட்டும் தொடுகிறாய்," என்றது ஓணான். "அதில் ஓடும் மின்சாரம் தரைக்கு இறங்க வழி தேடுகிறது. உன் வழியாக வந்தால் அதற்குப் போக இடமில்லை. அவளோ ஒரு கையில் கம்பியையும் மறு கையில் ஈர மரத்தையும் பிடித்தாள். மரம் தரையில் நிற்கிறது. அவளே அதற்கு வழியாகிவிட்டாள்."

"உனக்கு இது முன்பே தெரியுமா?"

"கம்பியில் பட்ட ஈரக் கிளைகள் கருகுவதைப் பார்த்திருக்கிறேன். நீ கேட்டதில்லையே."

அதன்பின் கரிச்சான் கம்பியில் உட்காரவே இல்லை.

தாயில்லாக் குட்டியை வேறொரு மந்தி எடுத்து வளர்த்தது. அது வளர்ந்து, விளையாட்டாகக் கம்பிப் பக்கம் போகும்போதெல்லாம் கரிச்சான் பாய்ந்து வந்து தலையில் கொத்தி விரட்டும். இத்தனை பொல்லாத பறவை இந்தக் காட்டிலேயே இல்லை என்று குட்டி எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது. கரிச்சான் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நீதி: தனக்குத் தீங்கு செய்யாததாலேயே ஒன்றைப் பிறருக்கும் தீங்கற்றது என்று, காரணம் அறியாமல் சொல்லக் கூடாது.