பூமயிலு வச்ச சோறு

ஒரு மலையடிவாரத்துல ஒரு ஊரு, அந்த ஊருல பூமயிலுன்னு ஒருத்தி இருந்தா, அவ புருசன் பேரு சடையாண்டி, ஆடு மேய்க்கிறவன். அவன்கிட்ட ஒரு பழக்கம். என்ன பசியா இருந்தாலும் கடைசியா ஒரு பிடி சோத்த ஒதுக்கி, "இந்தா புள்ள, இது ஒனக்கு"ன்னு நீட்டுவான். சட்டி நெறைய சோறு இருந்தாலும் இவ அத வாங்கித்தான் மொதல்ல திம்பா.

ஒருநாளு காலையில சண்டை. எதுக்குன்னு கேக்குறீங்களா? கொழம்புல உப்பில்லைன்னுட்டான், அதுக்குத்தான். "அப்ப நீயே ஆக்கித் தின்னு"ன்னு இவ சட்டியக் கவுத்துட்டா. அவன் வெறும் வயித்தோட ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனான், போன எடத்துல பாம்பு கொத்திச் செத்துப்போனான்.

பசியோட அனுப்பிட்டமேன்னு அவளுக்கு நெஞ்சு ஆறவே இல்ல. சோறும் எறங்கல. உச்சி வேளையில உப்பு பாத்துப் பாத்துக் கொழம்பு வச்சு, கொல்லைப் பாறை மேல எலையப் போட்டு, "கா கா, வாய்யா, ஒரு வாய் சாப்புடுய்யா"ன்னு கூப்புடுவா. மொதநாளு காக்கா வரல. ரெண்டாநாளும் வரல. மூணாநாளும் வரல. எப்படி வரும்? பாறைக்குப் பின்னால ஒரு நரியில்ல படுத்துக்கெடக்கு! இவளுக்கு அது தெரியுமா? "இன்னும் கோவமாய்யா? நான் என்ன செஞ்சா தீரும்?"னு அழுதா.

நரி மெல்ல எந்திரிச்சு வந்துச்சு. "ஏ பூமயிலு, நான்தான் ஒன் புருசன். நரியாப் பொறந்து வந்துருக்கேன். வெறுங்கொழம்புக்கா கோவம் தீரும்? கோழியடிச்சு வையி."

செத்து மாசம் ஒண்ணு ஆகல, அதுக்குள்ள எப்படி இம்மாம் பெரிய வாலு வளந்துச்சுன்னு கேக்கத் தோணல அவளுக்கு. பாக்கணும்னு அம்புட்டு ஆசை, பாவம். அன்னிக்குச் செவலக் கோழி போச்சு. மறுநாளு கருப்புக் கோழி போச்சு. அதுக்கு மறுநாளு அடைகாத்த கோழியும் போச்சு.

அன்னிக்கு நரி தின்னு முடிச்சு, எலைய வழிச்சு வழிச்சு நக்குச்சு. பூமயிலு பக்கத்துல உக்காந்து கைய நீட்டினா. "எனக்கு?"

"ஒனக்கென்ன? நாளைக்கு ஆட்ட அறு"ன்னுச்சு நரி.

"அடப்பாவி! என் சடையாண்டி ஒருநாளும் எலைய வழிச்சவனில்லடா!"ன்னு எந்திரிச்சா, கொல்லை அடுப்புல கொதிச்ச கொழம்பத் தூக்கி அது தலையில கவுத்தா. தோலு வெந்து ஊளையிட்டு ஓடுன நரி மலையில எங்கயுமே நிக்கலையாம்.

மறுநாளு வெறுஞ்சோறும் கொழம்பும்தான், கோழிதான் மிச்சமில்லையே. ஒரு அண்டங்காக்கா வந்துச்சு, தலையச் சாச்சு இவளப் பாத்துச்சு, தின்னுச்சு, பறந்துபோச்சு. கிட்டப் போய்ப் பாத்தா, எலை ஓரத்துல ஒரு பிடி சோறு.

வயிறு நெறஞ்சு விட்டுட்டுப் போச்சோ, அவனேதானோ, எனக்கென்ன தெரியும்? "உப்பு சரியா இருந்துச்சாய்யா?"ன்னு கேட்டா. அழுதுகிட்டே அந்தச் சோத்தத் தின்னா, அப்புறம் உள்ள போயி சட்டிச் சோத்தையும் போட்டுத் தின்னா. அவன் நெனப்பு கடைசிவரைக்கும் போகல. ஆனா அன்னிலேருந்து பட்டினி கெடக்கல.

நரி போச்சு காட்டுக்கு, கதை போச்சு அது பின்னாடி. எங்க புள்ளைங்களா, கதை கேட்டுக்கிட்டே தின்ன தட்டக் காட்டுங்க. எனக்கு ஒரு பிடி வச்சிருக்கீங்களா, இல்ல நரிக்குட்டிங்க மாதிரி நக்கிட்டீங்களா?