திருவாதிரையின் சிவப்பு

குன்றின் மேல் வானத்தைப் பற்றிக் கற்றுக்கொடுத்துவந்த வடிவம்மைக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சடையப்பனுக்கு அறுபது. குவாரியில் கல் உடைத்தவர். இந்த வயதில் படிப்பா என்று ஊரே சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் குவாரியில் பாறை சரிந்தது. கூட வேலை பார்த்த மாசானம் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பாறை மாசானத்தின் மேல் விழுந்தது. செத்தவர்கள் நட்சத்திரமாகிவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார் சடையப்பன். அவன் எது என்று தெரிந்துகொண்டு ஒரு கும்பிடு போட வேண்டும். வந்தது அதற்குத்தான்.

மாசி மாதத்து அந்திப் பொழுது. வானம் இருட்டத் தொடங்கியதும் கேட்டுவிட்டார்.

"இதுல மாசானம் எது, தாயி?"

வடிவம்மை கையை நீட்டினார்.

"அந்த வேடன் உருவம் தெரியுதா? இடுப்புல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கு. அதுக்குக் கீழே புகை மாதிரி ஒண்ணு. அங்கே இப்பவும் நட்சத்திரங்க பிறந்துகிட்டிருக்கு. மேற்கே கொத்தா நிக்கிற கார்த்திகை எல்லாம் இளசுங்க. வேடன் தோள்ல சிவப்பா இருக்கே திருவாதிரை, அது வயசாகி ஊதிப்போனது. ஒருநாள் வெடிக்கும்."

"நட்சத்திரமும் சாகுமா?"

"சாகும்."

"செத்தா?"

"உள்ளே உண்டாக்கி வச்சதெல்லாம் வெளியே சிதறும். உங்க எலும்புல இருக்கிற சுண்ணாம்பு, ரத்தத்துல இருக்கிற இரும்பு, எல்லாம் அப்படி வந்ததுதான்."

சடையப்பன் தன் காய்த்துப்போன கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருவாதிரை இப்போ உசுரோட இருக்கா?"

"தெரியாது. நாம பாக்கிற வெளிச்சம் அங்கேருந்து கிளம்பிப் பல நூறு வருஷம் ஆச்சு. அது இன்னிக்கே செத்தாலும், கிளம்பின வெளிச்சம் வந்துகிட்டேதான் இருக்கும்."

சடையப்பன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாசானம் உடனே சாகல, தாயி. காலையில பொண்டாட்டி பேச்சிகூடச் சண்டை போட்டுட்டுச் சாப்பிடாம வந்திருந்தான். எனக்குக் கோவம் இல்லன்னு அவகிட்டச் சொல்லுன்னான். அதான் கடைசிப் பேச்சு."

"சொன்னீங்களா?"

"அவன் போய்ட்டான், நான் இருக்கேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்? அந்தத் தெருப்பக்கமே போகல."

வடிவம்மை அவரைத் திட்டவில்லை.

"வெளிச்சம் நடுவழியில எங்கேயும் உக்காராது, பெரியவரே."

மறுநாள் சடையப்பன் குன்றிலிருந்து இறங்கினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. முகம் தெளிந்திருந்தது.

"வாசல்ல அரிசி புடைச்சுக்கிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வச்சுட்டா. 'ரெண்டு வருஷமா அந்த மனுஷன் கோவத்தோடயே போய்ட்டாருன்னுல்ல நெனச்சேன்'னு அழுதா. ஏன் இத்தனை நாள் வரலன்னு ஒரு வார்த்தை கேக்கல, தாயி. இலையைப் போட்டா. 'நல்லாச் சாப்பிடுங்கண்ணே, அவர் காப்பாத்தின உடம்பு'ன்னா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு... நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?"

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வடிவம்மை அந்தப் பக்கம் திரும்பினார்.

"சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். அதுக்கு முன்னால செத்துப்போன எத்தனையோ நட்சத்திரங்க விட்டுட்டுப் போனதும் சேர்ந்துதான் அது பிறந்துச்சு."

"சரி."

"அது யாருக்காவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"இல்லையே, தாயி."

"ஆனா பாருங்க, தினமும் வெளிச்சத்தோட வந்துடுது."