தூணில் ஒட்டிய தோல்கள்

சந்தைக் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளுக்கு ஒரு விடுதி வேண்டியிருந்தது. ஆற்றோரப் பொட்டல் ஒன்றை ஒருவர் தானமாகக் கொடுத்தார். கொத்தனார் வேலையை விட்டுவிட்டுச் சீடராக வந்திருந்த சடையப்பர்தான் கட்டப்போகிறார். அவருடைய குரு குமுதவல்லி அவரைவிட இருபது வயது இளையவள்.

"வெள்ளம் வந்தாலும் இரண்டே நாளில் வடிந்துவிடுமாம். நாளைக்கே அஸ்திவாரம் தோண்டட்டுமா, அம்மா?"

"அங்கே இருப்பவர்களைக் கேட்டீர்களா?"

"யார் இருக்கிறார்கள்? ஒரு பழைய கல்மண்டபம். காக்காய்கூடக் கிடையாது."

"இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்."

சடையப்பர் போனபோது உச்சி வெயில். காற்றே இல்லை. மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். நல்ல இறுக்கம். பழக்கதோஷம், தூண் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டை எடுத்தார். நூலைக் கட்ட ஒரு கல்லின்மேல் ஏறிக் கையை உயர்த்தினார்.

விரலுக்கடியில் ஏதோ நொறுங்கியது.

நிமிர்ந்தார். நூற்றுக்கணக்கில் கண்கள்.

கல்லைக் கவ்விய கால்கள். வெடித்த முதுகுகள். உள்ளே ஒன்றுமில்லை. எட்டுத் தூண்களிலும் ரசமட்டம் வைத்தது போல ஒரே உயரத்தில், எல்லாம் மேலே பார்த்தபடி.

தூக்குக்குண்டை அங்கேயே போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

"இருக்கிறார்கள், அம்மா."

"எத்தனை வகை?"

"எண்ணுகிற நிலையிலா இருந்தேன்?"

குரு சிரித்தாள். "சாரத்தில் ஏறின மனிதருக்குப் பயமா? வாருங்கள், சேர்ந்தே எண்ணுவோம்."

மண்டபத்துத் தூண்களில் ஏழு வகைத் தோல்கள் இருந்தன.

"தட்டான்பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும்," என்றாள். "வளர்ந்ததும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் ஏறி, தோலை விட்டுவிட்டுப் பறந்துவிடும். அதோ, நெல்மணி மாதிரி இருக்கிறதே, அது வளர ஒரு மாதம். பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு இருப்பது, மூன்று மாதம்."

சடையப்பர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டம்.

"அப்படியானால் மூன்று மாதமும் தண்ணீர் இங்கே..." தரையில் நின்றபடி கையை உயர்த்தினார். எட்டவில்லை.

கையை இறக்கினார். "வேறு இடம் கிடைக்காது, அம்மா. அத்தனை தண்ணீரிலும் இத்தனை உயிர் பிழைத்துத்தானே போயிருக்கிறது?"

"ஆமாம். உங்கள் முப்பது பிள்ளைகளுக்கும் முதுகு வெடித்துச் சிறகு வருமென்றால், நாளைக்கே தோண்டுங்கள்."