சடையன் பேர்ல ஒரு மலை

ஒரு ஊர்ல ஒரு மலை. அந்த மலை உச்சியில வானம் பாக்கறதுக்குன்னே ஒரு உருண்டைக் கூடம், உள்ள ஆள் ஒசரத்துக்கும் மேல ஒரு டெலஸ்கோப். போர்வையை இழுத்துக்கோ, சொல்றேன்.

அங்க சவுந்தரம்னு ஒருத்தி வேலை பாத்தா. ராத்திரி வானத்தைக் கண்ணாடித் தட்டுல படம் புடிப்பாங்க. பகல்ல இவ உக்காந்து முந்தாநாள் தட்டையும் நேத்து தட்டையும் மாத்தி மாத்திப் பாப்பா. டக் டக், டக் டக். நட்சத்திரமெல்லாம் தட்டுல கறுப்புப் புள்ளியா விழுந்திருக்கும், ஒண்ணும் இடம் மாறாது. அன்னிக்கு ஒரு புள்ளி மட்டும் நகந்திருந்துது. ம்?

பெரிய அதிகாரி பாத்துட்டு, தூசி, ஊதிவிடும்மான்னாரு. தூசி நடக்குமான்னு இவ கேட்டா. அப்போ இன்னும் மூணு ராத்திரி புடிச்சுக் காட்டுன்னுட்டாரு. அது போற பாதையைக் கணக்குப் போட மூணு ராத்திரிப் படமும் வேணும். அதுக்கப்புறம் மழைக்காலம், வானம் மூடிக்கும், அது எங்கியோ போயிரும். பன்னெண்டு வருஷம் தட்டு பாத்தவளுக்கு நகர்ற புள்ளின்னு கெடைச்சது இதுதான் முதல் தடவை.

முதல் ராத்திரி ஒரே மூடுபனி. கூடத்துக் கூரையைத் திறந்து மூடற சடையன் வெளியில குளிர்ல குந்திக்கிட்டு மேலயே பாத்தாரு. விடியப் போற நேரம், பனி விலகுச்சு. "இப்போ புடிங்கம்மா"ன்னாரு. படம் விழுந்துச்சு.

ரெண்டாம் ராத்திரி வானம் பளிச்சுன்னு இருக்கு, புள்ளியைத்தான் காணோம். அப்புறம் பாத்தா, அவசரத்துல இவ நேத்து இடத்துக்கே டெலஸ்கோப்புக் குழாயைத் திருப்பியிருக்கா! சடையன் சிரிச்சுட்டாரு.

"நேத்து மேஞ்ச இடத்துல ஆடு இன்னிக்கும் நிக்குமாம்மா? கொஞ்சம் முன்னால போய்த் தேடுங்க. எங்க வீட்டுல, காணாமப்போன ஆட்டைத் தேடிக் குடுத்தவங்க பேரைத்தான் அந்த ஆட்டுக்கு வைப்போம்."

முன்னால திருப்பினா, அங்க இருக்கு அந்தப் புள்ளிக் கழுதை!

மூணாம் ராத்திரி, பொசுக்குன்னு கரண்டு போச்சு. கூரை நகரல. வானம் நகருதே, கூரையும் கூடவே திரும்பினாத்தானே தெரியும்? சடையன் கைச் சக்கரத்தைப் புடிச்சாரு. கர்ர்... கர்ர்... ஒண்ணரை மணி நேரம். கை ரெண்டும் கொப்புளம். அப்புறம் தட்டைக் கழுவிப் பாத்தா, ஜம்முனு உக்காந்திருக்கு புள்ளி. அதிகாரி வந்து பாத்து, தப்பு என் மேலதாம்மான்னாரு. நல்ல மனுஷன்தான்.

ம் கொட்டு, தூங்கிட்டியா?

அது ஒரு கல்லு கண்ணு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கூட்டங்கூட்டமாச் சுத்தற கல்லுல ஒண்ணு. எட்டு மைல் நீளம், கருணைக்கிழங்காட்டம் கோணல் மாணல், அடுப்புக்கரி நெறம். காத்தில்ல, தண்ணியில்ல. ஏழு மணி நேரத்துக்கு ஒருதரம் குட்டிக்கரணம் போடும். நீளப்பக்கம் காட்டினா வெளிச்சம் கூடும், குட்டைப்பக்கம் காட்டினா மங்கும், அதை வச்சுத்தான் கோணல்னே கண்டுபுடிச்சாங்க. சூரியனைச் சுத்திவர அஞ்சு வருஷம்.

அது ஒரு சுத்து சுத்தி வந்தப்புறம்தான், பேர் வைன்னு சவுந்தரத்துக்கிட்ட சொன்னாங்க. அவ அப்பா பேரை வைப்பான்னு எல்லாரும் நெனச்சாங்க. அவ 'சடையன்'னு எழுதினா.

சடையன் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு: "இந்த மலையில எனக்கு ஒரு சாண் பட்டா கெடையாதும்மா. மேல ஒரு மலையே என் பேர்லயா?"

"ஆட்டைத் தேடிக் குடுத்தது நீங்கதானேண்ணா"ன்னா சவுந்தரம். சொல்லிட்டு, கொப்புளம் காஞ்சு தழும்பா இருந்த அந்தக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

அவ்வளவுதான் கதை. சடையன் கல்லு மேல உருண்டுக்கிட்டே இருக்கட்டும், நீ உருளாமப் படுத்துத் தூங்கு.