சூரியத் தாள்

கனகசபை அனல் மின் நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு, தன்னைவிட வயதில் மிக இளையவரான பேராசிரியை ரஹ்மத்திடம் மாணவராகச் சேர்ந்தார்.

ரஹ்மத்தின் ஆய்வுக்கூடத்தில், வெயிலை மின்சாரமாக்கும் மெல்லிய தாளை அச்சடித்தார்கள். செய்தித்தாள் போல அது உருளையில் ஓடி வரும். பாய் போலச் சுருட்டலாம். செலவும் சொற்பம். ஆனால் சில வருடங்களில் மங்கி, மின்சாரம் தராமல் போய்விடும்.

அந்தக் குறையோடு கனகசபை மல்லுக்கு நின்றார். தான் செய்ததிலேயே சிறந்த சுருளை ஈரம் படாத அறையில் வைத்துப் பூட்டி, தினமும் அளந்து பார்த்தார்.

ஒருநாள் கேட்டார். "மேடம், இது எப்ப வெளிய போகத் தயாராகும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"எங்க கொதிகலன் முப்பது வருஷம் ஓடுச்சு. அந்த மாதிரி நின்னு காட்டணும். அதுவரைக்கும் விடக் கூடாது."

ரஹ்மத் அறையைத் திறந்து, சுருளை எடுத்து மேசையில் விரித்தார். கத்தரிக்கோலால் அச்சுக் கோட்டோடு வெட்டினார்.

"மேடம்!"

"வெட்டின ஓரத்தை ஈரம் புகாம ஒட்டிடுங்க சார். வேதாரண்யம் பஸ்ஸைப் பிடிக்கணும்."

கனகசபை ஒட்டினார்.

உப்பளத்தில் வேதாம்பாள் காத்திருந்தார். குத்தகைப் பாத்திகளைத் தனியாளாகப் பார்ப்பவர். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து உப்புத்தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜின் வேண்டும். அது பக்கத்து முதலாளியுடையது. அவருடைய பாத்திகள் நிரம்பிய பிறகுதான் இவருக்கு வரும். இந்தக் கோடையில் வரவே இல்லை. பாத்திகள் வெடித்துக் கிடந்தன. இனியும் தண்ணீர் பாயாவிட்டால், உப்பு விளையும் முன்பே மழை வந்துவிடும். இந்த வருடம் உப்பு இல்லை.

வேதாம்பாளின் கொட்டகை கீற்று வேய்ந்தது.

"போன வருஷம் ஒருத்தர் சோலார் கண்ணாடிப் பலகை மாட்டறேன்னு வந்தாரு. கூரையப் பாத்தாரு. பாரம் தாங்காதுன்னு போயிட்டாரு" என்றார்.

இந்தத் தாள் கூரைமேல் பாரமே இல்லாமல் படுத்துக்கொண்டது. நான்கு மூலையிலும் கயிறு கட்டினார்கள். கொண்டுவந்த சிறிய மோட்டாரைக் கிணற்றுக் குழாயில் பொருத்தி, தாளோடு கம்பியால் இணைத்தார்கள்.

கனகசபைக்கு மனம் கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. இது ரொம்ப நாள் உழைக்காது. மூணு நாலு வருஷத்துல மங்கிடும்."

வேதாம்பாள் வெடித்த பாத்தியைப் பார்த்தார்.

"மொதல்ல தண்ணி வருதா பாப்போம் சார்."

ரஹ்மத் மோட்டாரைப் போட்டார். குழாய் இருமியது. காற்று வந்தது, சேறு வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

வேதாம்பாள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார். வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல கரிப்பு!"

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடையைத் திறக்க ஓடினார். வெடிப்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைக் குடித்தன.

கனகசபை ஊர் ஊராக மின்சாரம் அனுப்பியவர். அது போய்ச் சேரும் முகம் ஒன்றை அன்றுதான் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில், திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சொன்னார்.

"மங்கிப்போச்சுன்னா அந்தம்மா நேரா நம்மகிட்ட வந்து சண்டை போடுவாங்க மேடம்."

"வரட்டும். புதுசா ஒண்ணு அச்சடிச்சு வைப்போம்."

"உங்களுக்குக் கவலையாவே இல்லையா?"

ரஹ்மத் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார்.

"கரண்டு இல்லைன்னு கேட்டுச் சண்டை போட இத்தனை நாளா அவங்க முன்னாடி யாருமே இல்லை சார்."