செம்பியின் முன்னங்கால்

மலைமேல் இருந்த மடத்துக்கு ஒரே ஒரு குதிரை. செம்பி என்று பெயர். அடிவாரத்திலிருந்து அரிசி ஏற்றிவர அதைத்தான் நம்பியிருந்தார்கள். ஓட்டியவர் வீரபாகு. பாளையத்துக் குதிரைப்படையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, தம்மைவிடப் பத்து வயது இளையவரான மடத்துக் குருவிடம் வந்து சீடராகச் சேர்ந்தவர்.

அந்த மாதம் மலை இறக்கத்தில் செம்பி மூன்று முறை இடறிவிட்டது. முன்னங்காலில் பலமில்லை என்றார் வீரபாகு. விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. வாங்க வந்தவர் குதிரை வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர்.

"இதை எங்கே கொண்டுபோவீர்?" என்று குரு கேட்டார்.

"கால் போன குதிரை மேல யார் சாமி ஏறுவா? சுண்ணாம்பு அரைக்கிற கல்லுலதான் கட்டணும். உசிரு இருக்கிற வரைக்கும் சுத்தும்."

சொல்லிக்கொண்டே ராவுத்தர் சேணத்தைக் கழற்றினார். செம்பியின் இடுப்புப் பக்கம் முடி உதிர்ந்து தோல் கன்றியிருந்தது. கடைவாயில் கடிவாளம் இழுத்த கீறல். அவர் வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா இறக்கத்துல உக்காந்து வந்தீங்களா, மல்லாந்து படுத்துக்கிட்டு வந்தீங்களா?"

வீரபாகுவின் முகம் சிவந்தது. "பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காவிட்டால் குதிரை குப்புற விழும். எனக்கேவா பாடம்?"

குரு ஒரு கம்பளியை மடித்து, கன்றிய இடத்தில் படாமல் முன்னால் தள்ளிப் போட்டு ஏறினார். கடிவாளத்தைத் தளர விட்டார். உடம்பைச் சற்றே முன்னால் கொடுத்தார். செம்பி தலையைத் தாழ்த்திக் கல்லும் குழியும் பார்த்தது. பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் வாங்கி வைத்து இறங்கியது. மூன்று முறை இடறிய அதே வளைவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"கால்ல ஒரு குறையும் இல்ல," என்றார் ராவுத்தர். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீரபாகு செம்பியின் கடைவாய்க் கீறலைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு என்னுடையதுதான் என்று முதல் தடவையே எனக்குத் தெரியும் சாமி," என்றார். "பள்ளத்தைப் பார்த்ததும் நடுங்கிவிட்டேன். வெடுக்கென்று இழுத்தேன். செம்பியின் தலை மேலே போனதும் அதற்கு வழி தெரியவில்லை. குதிரைப்படைக்காரன் பயந்தான் என்று எப்படிச் சொல்வேன்? கால் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்."

ராவுத்தர் தாம் கொண்டுவந்த கயிற்றைச் செம்பியின் கழுத்தில் போடாமல் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, விடைபெற்று இறங்கிப் போனார்.

"அரிசிக்கு நான் நடந்தே போகிறேன்," என்றார் வீரபாகு. தலை நிமிரவில்லை. "எந்த முகத்தோடு இதன்மேல் ஏறுவேன்?"

குரு கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தார்.

"இன்றைக்கே ஏறும். இன்று நீர் பின்னால் சாயமாட்டீர்."